கதவைத் திறந்து வைத்த கலைஞர்

சென்னை மாநகரத்தில் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பதற்காகத் தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பெயர், ஒலித்தொல்லை ஆய்வு மற்றும் தணிப்புச் சிறப்புப் பிரிவு. பெரிய சிக்னல் ஒன்றுக்கு நேர் மேலே இரண்டாம் மாடியில் அது இருக்கிறது. கீழே பஸ்காரர் ஹாரன் அடித்தால் மேலே டம்ளரில் டீ நடுங்கும். ஆகவே அங்கே குறை சொல்ல வருகிறவர்கள் சொல்வது அதிகாரிகளுக்குக் காதில் விழுவதில்லை. விழாத காரணத்தினால், எதுவானாலும் எழுத்து மூலமாகத்தான் தர வேண்டும் என்று விதி செய்திருந்தார்கள். மூன்று நகல்.

இந்த விதியை வடிவேலு அளவுக்கு மதித்து நடந்தவர் ஊரில் வேறு யாரும் இல்லை. இரண்டு வருஷத்தில் ஏழு மனு கொடுத்திருந்தார்.

வடிவேலுவுக்கு மந்தைவெளி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வீடு என்றால் ஓர் அறையும் ஓர் அடுப்படியும். தேனாம்பேட்டையில் ஓர் ஆபீஸ் கட்டடத்துக்கு அவர் நைட் செக்யூரிட்டி. ஊர் தூங்கும்போது அவர் முழித்திருக்க வேண்டும். ஊர் முழித்திருக்கும்போது அவர் தூங்க வேண்டும். ஒன்பது வருஷம் அந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் நடந்தது. அதன் பிறகு சந்தின் கோடியில் போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்று வந்தது. பதினெட்டு ஏ.சி. போட்டார்கள். அத்தனைக்கும் ஈ.பி. இணைப்பு பத்தவில்லை என்று, சின்ன லாரி அளவில் ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து சுவரோரம் இறக்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர், இந்தப் பக்கம் வடிவேலுவின் தலையணை.

காலை பத்து மணிக்கு அது ஆரம்பிக்கும். மாணவர்கள் சாப்பிடப் போகும்போது ஒரு மணி நேரம் மூச்சு விடும். மறுபடி ஆறு மணி வரைக்கும் ஓடும். அந்தச் சத்தத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. பின்னால் அடையாற்றில் பெரிய மனிதர்கள் வர்ணிப்பார்கள், அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

மாடி போர்ஷனில் ஜமீலுன்னிசா இருந்தாள். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி நர்ஸ். அவளுக்கும் இதே தலையெழுத்துதான். காலையில் படியேறும்போது, "இந்தாங்க அண்ணே" என்று ஒரு பஞ்சுச் சுருளைக் கொடுத்துவிட்டுப் போவாள். அண்ணனும் தங்கையும் மாதிரி ஆளுக்கு இரண்டு காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கீழே ஒருவரும் மேலே ஒருவருமாக, கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார்கள். ஏழு மனுவிலும் இரண்டாவது கையெழுத்து அவளுடையது.

பகலில் வராத தூக்கம் ராத்திரியில் வந்தது. டூட்டி நாற்காலியில் வடிவேலு தூங்கியதை சூப்பர்வைசர் இரண்டு தடவை போட்டோ எடுத்துவிட்டார். மூன்றாவது போட்டோ எடுத்தால் வேலை போய்விடும். வடிவேலுவுக்கு நாற்பத்தெட்டு வயது, முட்டியில் வலி. இனிமேல் வேறு இடத்தில் யார் வேலைக்கு எடுப்பார்கள்?

ஏழாவது மனுவை எடுத்துக்கொண்டு போனபோது, பிரிவின் தலைவரான சந்திரமௌலியே அதைப் படித்தார். மயிலாப்பூர்க்காரர். மார்கழி மாதம் முழுக்க சபாக்களில் முதல் வரிசையில் இருப்பவர். நல்ல காது என்று பெயர்.

"சத்தம்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு சத்தம்?"

"தூங்க முடியல சார்."

"தூக்கம் அலகு இல்லை. டெசிபல் சொல்லணும்."

"அதை அளக்கற மிஷின் உங்களாண்ட தானே சார் கீது?"

"இருக்கு. ஆனா சத்தமான இடத்துக்குக் கொண்டுபோனா கருவி பழுதாகும்னு சுற்றறிக்கை வந்திருக்கு. உங்க தெரு அமைதியா இருந்தா சொல்லுங்க, நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

"அமைதியா இருந்தா நான் எதுக்கு சார் இங்க வரேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் சந்திரமௌலி. குரலில் கோபமே இல்லை. "இன்னொண்ணு. பகல்ல தூங்கறேன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு ஏதாவது ஆதாரம்?"

"தூங்கவே முடியலன்னு தானே சார் மனு?"

"அப்போ தூங்கலைன்னு ஆறது. தூங்காதவருக்கு எப்படித் தூக்கம் கெடும்?"

  மனு பெறப்பட்டது என்று ஒரு ரசீது கொடுத்தார்கள். மனைவி அன்புக்கரசி அதை மற்ற ஆறு ரசீதுகளோடு சேர்த்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அடுத்த வாரமே ஒரு வெள்ளிக்கிழமை பகல், ஜெனரேட்டருக்கு முன்னால் ஒரு பையன் வந்து நின்றான். காதில் பெரிய ஹெட்போன், தோளில் ஒரு பெட்டி, கையில் ஒரு கோல், கோலின் நுனியில் முடி வைத்த மைக். வடிவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா," என்றார் மனைவியிடம். "ஆபீஸ்லேர்ந்து ஆள் அனுப்பிட்டாங்க."

"அளக்கற மிஷினுக்கு எதுக்குய்யா இம்மாம் முடி?"

"அதெல்லாம் கவர்மென்ட் மிஷின். நீ மோர் கொண்டா."

பையனிடம் போய், "சார், ஆபீஸ்லேர்ந்து தானே?" என்று கேட்டார். ஹெட்போன் போட்டிருந்த பையன் தலையை ஆட்டினான். அது போதும். இரண்டு வருஷமாகக் காத்திருந்த மனிதர் சும்மா நிற்பாரா? இந்த மூடின பெட்டிக்குள்ளிருந்து வருகிற சத்தத்தை அளந்தால் குறைவாகக் காட்டிவிடுமே என்று அவருக்கு பயம் வந்தது. போய் ஜெனரேட்டரின் பக்கவாட்டுக் கதவை, உள்ளே சத்தத்தை அமுக்குவதற்காகவே வைத்திருந்த அந்த ஒரே கதவை, இரண்டு கையாலும் இழுத்துத் திறந்துவிட்டார். அது பழையபடி மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தார்.

பையன் முகம் மலர்ந்தது. "அண்ணா, சூப்பர். இதுதான் வேணும்" என்றான். நாற்பத்து மூன்று நிமிஷம் அவன் அசையவில்லை. வடிவேலுவும் பக்கத்தில் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அன்றைக்குச் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், அளந்துட்டாங்க, இனிமே ஒரு வாரந்தான் என்று. ஜமீலுன்னிசாவையும் எழுப்பிச் சொன்னார். அவள் தூங்கிக்கொண்டா இருந்தாள், எழுப்புவதற்கு.

ஒரு வாரம் ஆயிற்று. ஐந்து மாதம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் வடிவேலுவை அடையாற்றுக்குப் போகச் சொன்னார். ஒரு ஹாலில் ஏதோ நிகழ்ச்சி, வாசலில் ஓர் ஆள் வேண்டும். வடிவேலு போனார். உள்ளே போகிறவர்கள் போனை அணைத்தார்களா என்று பார்க்க வேண்டும். கதவு கிறீச்சிடாமல் சாத்த வேண்டும். மொத்தத்தில் எந்தச் சத்தமும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

வாசலில் ஒரு பலகை. 'சுவர். ஹார்ஷ் நாய்ஸ் வால் ஆல்பம். ஒரு கூட்டுப் படைப்பு. அச்யுத், சென்னை, மற்றும் பின்லாந்திலிருந்து ஒரு நண்பர். முதல் செவிமடுப்பு.'

ஹார்ஷ் நாய்ஸ் வால் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஷ்ரேயா என்ற பெண் மேடையில் விளக்கினாள். அது ஓர் இரைச்சல். ஆரம்பித்த விநாடியில் எப்படி இருக்கிறதோ முடிகிற விநாடியிலும் அப்படியே இருக்கும். ஏறாது, இறங்காது, மாறாது. கேட்பவர் சுவரின் முன் நிற்பதுபோல் நிற்க வேண்டும். அச்யுத் ஓர் இரைச்சலைக் கொடுத்திருக்கிறார். பின்லாந்துக்காரர் தன் வீட்டு ஃப்ரிட்ஜின் இரைச்சலைக் கொடுத்திருக்கிறார். யாருடையது எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலையை அடைவதற்கு இருவரும் ஐந்து மாதம் மின்னஞ்சலில் உழைத்தார்கள். தலைமை விருந்தினர் திரு. சந்திரமௌலி அவர்கள், ஒலித்துறையில் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். அச்யுத்துக்குத் தாய்மாமன் என்பதை அவள் சொல்லவில்லை.

ஆரம்பித்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எழுபது பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். முன் வரிசையில் ஓர் அம்மாள் இருமினாள். இருமல் யார் காதிலும் விழுந்திருக்க வழியில்லை, ஆனாலும் நாலு பேர் திரும்பி அவளை முறைத்தார்கள். சந்திரமௌலி சபா வழக்கப்படி தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். தாளம் எங்கேயும் போய்ச் சேரவில்லை. நாலாபக்கமும் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டத் தொடங்கினார். கால் மணி கழித்து, பக்கத்தில் இருந்த அச்யுத்தின் காதில் கத்தினார். வாசல் வரை கேட்டது.

"ஏண்டா, ஸ்ருதி சேத்துண்டே இருக்கேளே, எப்போ ஆரம்பிப்பேள்?"

"ஆரம்பிச்சுப் பதினஞ்சு நிமிஷம் ஆறது மாமா."

"அதான் பாத்தேன். பேஷ்" என்று சந்திரமௌலி கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் வடிவேலு இரண்டாவது நிமிஷமே கதவோரம் காதை வைத்தார். இந்த இரைச்சலுக்கு நடுவில் ஏழு மூச்சுக்கு ஒரு தடவை ஒரு 'டக்' வந்தது. ஜெனரேட்டர் கதவின் மேல் போல்ட் லூஸ். இரண்டு வருஷமாகப் பஞ்சையும் மீறிக் கேட்டு, எண்ணி எண்ணிப் படுத்திருந்த அதே டக். பெற்ற பிள்ளை குரல்கூட அவருக்கு இவ்வளவு நிச்சயமாகத் தெரியாது. எவ்வளவு தூரம் ஓடி வந்தாலும் இது விடாதா என்று அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

நாற்பத்து மூன்று நிமிஷம் கழித்து நின்றது. கைத்தட்டல். சந்திரமௌலி மைக் பிடித்தார்.

"இங்கே நாம் கேட்டது அண்டத்தின் ஆதி நாதம். அலையற்ற கடல். அசைவற்ற நடனம். இதைச் சத்தம் என்று ஒருவன் சொன்னால் அவனுக்குக் காது இருக்கிறது, கேள்வி ஞானம் இல்லை என்று பொருள்." தலைகள் ஆடின. "யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம்."

வடிவேலு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சார், இது சத்தம் இல்லீங்களா?"

"இல்லை. படைப்பு."

"அப்ப எங்க சந்துல ஓடிக்கினு கீதே, அது?"

சந்திரமௌலிக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. "அது நிலுவையில் உள்ள மனு. அதைப் பத்தி இங்கே பேசக் கூடாது."

"ரெண்டும் ஒண்ணு சார். இந்தத் தம்பிதான் வந்து புடிச்சிக்கினு போச்சி. ஒயரை நான் தூக்கிக்கினு நின்னேன். கதவைத் தொறந்ததே நான்தான்."

 மாட்டிக்கொண்டான் பையன் என்று நீங்கள் நினைக்கலாம். வடிவேலுவும் அப்படித்தான் நினைத்தார். அச்யுத் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"இவர்தான். நான் சொல்லிண்டே இருந்தேனே, அந்தக் கதவு அண்ணா. அந்த ஓப்பன் டோர் இல்லேன்னா ஆல்பமே இல்லை. ஷ்ரேயா, இவர் பேரையும் போடு. இது மூணு பேர் கூட்டுப் படைப்பு."

எழுபது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சந்திரமௌலிக்கென்று வாங்கி வைத்திருந்த பொன்னாடையை வடிவேலுவுக்குப் போர்த்தினார்கள். செக்யூரிட்டி யூனிஃபார்ம்மேல் ஜரிகை பளபளத்தது. பின் வரிசையிலிருந்து ஒருவர், கதவைத் திறந்தபோது அவர் மனதில் என்ன இருந்தது என்று கேட்டார்.

"தூங்கணும்னு இருந்துச்சி" என்றார் வடிவேலு. அதற்கும் கைதட்டினார்கள்.

இந்த ஆரவாரத்தில்தான் வடிவேலுவுக்குத் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக அரசாங்க மூளை வேலை செய்தது. சந்திரமௌலியிடம் போய்க் கேட்டார்.

"சார், சத்தம்னு சொல்லல. படைப்புன்னே வெச்சிக்கறேன். எங்க படைப்பை, எங்களைக் கேக்காம, தெருவுல தெனமும் பத்துலேர்ந்து ஆறு வரைக்கும் போட்றான் சார் ஒருத்தன். இது தப்பில்லையா?"

சந்திரமௌலியின் முகத்தில் ஒளி வந்தது. சத்தத்துக்கு விதி இல்லை, அளவு இல்லை, கருவி இல்லை. அனுமதி இல்லாமல் படைப்பைப் பொது இடத்தில் ஒலிபரப்புவதற்கு விதி இருந்தது. படிவம்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஜெனரேட்டருக்கு சீல் வைத்தார்கள்.

வடிவேலு தூங்கினார். அதை எப்படிச் சொல்வது. வாயைப் பிளந்துகொண்டு, வேட்டி விலகியது தெரியாமல், பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை ஒரே தூக்கம். எழுந்ததும் காரணமில்லாமல் சிரித்தார். மாடியிலிருந்து ஜமீலுன்னிசா இறங்கி வந்து, "ஏழு மணி நேரம் அண்ணே, ஒரே மூச்சா" என்று சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்புக்கரசி இருவருக்கும் சேமியா பாயசம் வைத்துக் கொடுத்தாள். சந்தோஷம் என்றால் அதுதான். அது நாலு நாள் இருந்தது.

ஐந்தாம் நாள் செக்யூரிட்டி கம்பெனியிலிருந்து மெமோ வந்தது. 'பணி நேரத்தில் வாசலைக் கைவிட்டு, முன் அனுமதியின்றிக் கலைஞராக மாறிய குற்றத்துக்காக' வடிவேலு வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். இத்தனை வருஷம் தூக்கமில்லாமல் காப்பாற்றிய வேலை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது போயிற்று.

அதே வாரம் பயிற்சி நிலையம், படைப்பை ஒலிபரப்ப முறைப்படி அனுமதி கேட்டு விண்ணப்பித்தது. ஆட்சேபம் இல்லை என்று மூன்று கலைஞர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அச்யுத் துள்ளிக் குதித்துப் போட்டான். அவனுடைய ஆல்பம் நிரந்தரமாக ஒரு தெருவில் ஒலிக்கப்போகிறது. பின்லாந்துக்காரர் ஐந்து நிபந்தனை எழுதி அனுப்பினார். படைப்பு ஆல்பத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், செங்கல்லும் அதே செங்கல்லாக இருக்க வேண்டும், சுவரில் இடைவெளி கூடாது ஆகையால் மத்தியான ஓய்வு கிடையாது. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஞாயிறு உள்பட, பத்திலிருந்து ஆறு வரை ஓட வேண்டும்.

வடிவேலு கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். இரண்டு நாள் சொன்னார். மூன்றாம் நாள் சந்திரமௌலியே கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சந்துக்குள் வந்தார். அவருடைய அலுவலகத்திலிருந்து ஒருவர் அந்தச் சந்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"படைப்புன்னா அதுக்குக் காவல் வேணும்," என்றார். "யாராவது வந்து அணைச்சுட்டா? மரியாதையான ஆளா ஒருத்தர் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரணும். பகல் டூட்டி. பத்துலேர்ந்து ஆறு வரை. பயிற்சி நிலையம் வேலை தரத் தயாரா இருக்கு. யோசிச்சுப் பாருங்கோ, ராத்திரி பூரா நீங்க ஆத்துல தூங்கலாம்."

ராத்திரி பூரா. வடிவேலு அதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ராத்திரி ஜெனரேட்டர் ஓடாது. பகலில் அவருக்குத் தூக்கம் தேவைப்படாது.

"மேல சிஸ்டர் கீதேய்யா" என்றாள் அன்புக்கரசி, மெதுவாக.

"அவங்களுக்கு இன்னா, படிச்சவங்க" என்றார் வடிவேலு, அவள் முகத்தைப் பார்க்காமல். "மனு குடுப்பாங்க." பேனாவை வாங்கி மூன்று நகலிலும் போட்டார்.

இப்போது நீங்கள் மந்தைவெளிப் பக்கம் போனால் அந்தச் சந்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. சனி ஞாயிறுகளில் கார் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் நிற்கிறவர்களுக்குச் சந்துக்காரர்கள் டீ விற்கிறார்கள். முன்பு மனுவில் கையெழுத்துக் கேட்டபோது நமக்கேன் வம்பு என்றவர்கள், இப்போது எங்கள் சந்து என்று நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். ஜெனரேட்டர்மேல் பித்தளைப் பலகை: 'தொடாதீர்கள். படைப்பு.' கீழே மூன்று பெயர். மூன்றாவது பெயருக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் மேஜை நாற்காலி போட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஜமீலுன்னிசா அந்த மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். தலைகூட வாரவில்லை. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"அண்ணே, பத்து நாளாச்சு. நேத்து ராத்திரி ஒரு கிழவருக்கு வேற ஆளோட ஊசியைப் போடப் போயிட்டேன். பக்கத்து சிஸ்டர் கையைப் பிடிச்சுத் தடுத்தாங்க. அணைக்க வேணாம் அண்ணே. அந்தக் கதவை மட்டும் ஒரு மணி நேரம் சாத்துங்க. உங்களைத் தவிர நான் யாருகிட்ட கேப்பேன்?"

அவள் உதடு அசைவது வடிவேலுவுக்குத் தெரிந்தது. அடையாற்றில் பார்த்தபடியே கண்ணை மூடிக்கொண்டு, அவள் பேசி முடிக்கும் வரைக்கும் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து வெள்ளைத்தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"எழுதிக் குடுங்க சிஸ்டர்," என்றார். "மூணு நகல்."

அவர் காது இரண்டிலும் பஞ்சு இருந்தது. அவள் கொடுத்த பஞ்சுதான்.